பதினாலு பேர், ஐந்து மாதம், ஒரகடம்: ஓட்டலா, சர்வீஸ் அபார்ட்மென்ட்டா, வீடா?

நீங்கள் கேட்டது மேலோட்டமாகப் பார்த்தால் வாடகைக் கேள்வி. கோயம்புத்தூரில் மெஷின் செய்யும் கம்பெனி, சென்னை அருகே ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குள் புது உற்பத்தி லைன் நிறுவ 14 பேரை ஐந்து மாதத்துக்கு அனுப்புகிறது. இதுவரை இரண்டு மூன்று நாள் டூருக்கு ரூம் போட்டுத்தான் உங்களுக்குப் பழக்கம். இப்போது கையில் மூன்று ரேட் இருக்கிறது: ஓட்டலில் இருவர் தங்கும் ஏசி அறை நாளுக்கு 2,400, சாமான், கேர்டேக்கரோடு மாத வாடகைக்கு விடும் சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் மூன்று பெட்ரூம் ஃபிளாட் மாதம் 1,05,000, சாமான் எதுவும் இல்லாத மூன்று பெட்ரூம் வீடு மாதம் 28,000. இதில் எது சிக்கனம் என்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், அங்கே நம் ஆள் யாரும் கிடையாது, கோவையில் உட்கார்ந்தே நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மோட்டார் ஓடவில்லை, டேங்க் காலி, எட்டுப் பேர் கிரீஸ் கையோடு நிற்கிறார்கள். அப்போது போன் யாருக்குப் போகும்? ஓட்டல் என்றால் ரிசப்ஷனுக்கு. சர்வீஸ் அபார்ட்மென்ட் என்றால் கேர்டேக்கருக்கு. வீடு என்றால் உங்களுக்கு. அந்த மூன்று ரேட்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்தப் போனை யார் எடுப்பது என்பதற்கான விலைதான்.

நான் பதினெட்டு வருடமாக இதே மாதிரி ஒரு கம்பெனியில் அட்மின் பார்க்கிறேன். ஓசூர், ஸ்ரீசிட்டி, புனே பக்கம் சாக்கன், உங்கள் ஒரகடம் என்று இந்த நான்கு பக்கமும் ஆட்களைத் தங்க வைத்திருக்கிறேன். இடம், ஆள், சாப்பாடு, தண்ணீர் பற்றிச் சொல்வதெல்லாம் செய்து பார்த்து, அடிபட்டுத் தெரிந்துகொண்டது. வரி விஷயம் மட்டும் வேறு. ரேட் என்ன, எப்போதிலிருந்து என்பதை உறுதியாகச் சொல்வேன், ஆனால் உங்கள் பில்லுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று முடிவு செய்ய வேண்டியது உங்கள் ஆடிட்டர். அந்த இடம் வரும்போது தனியாகக் குறிப்பிடுகிறேன்.

முதல் வேலை, மூன்று ரேட்டையும் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு ப்ராஜெக்ட் மேனேஜரிடம் போய் வாரவாரியாக ஆள் கணக்கு கேளுங்கள். "பதினாலு பேர், அஞ்சு மாசம்" என்று அவர் வாயில் வருவது ஒரு பேச்சுக்குத்தான். எரெக்‌ஷன் என்னும் மெஷின் நிறுவும் வேலை அப்படி ஓடாது. முதலில் ஃபிட்டர்களும் மெஷினை இறக்கி உட்கார வைக்கும் ஆட்களும் போவார்கள், பிறகு பேனல், கேபிள் என்று எலக்ட்ரிக்கல் ஆட்கள் சேர்வார்கள், ஃபிட்டர் குறைவார், கடைசியில் ப்ரோகிராம் ஆட்களும் ட்ரையல் பார்க்கும் இரண்டு மூன்று பேரும்தான் இருப்பார்கள். ஒரு உதாரணத்துக்கு முதல் மாதம் 10, இரண்டாவதும் மூன்றாவதும் 14, நான்காவது 8, ஐந்தாவது 5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆள் ஒரு மாதம் தங்குவதை ஒரு ஆள்-மாதம் என்று வைத்தால், 14 பேருக்கு ஐந்து மாதம் என்பது 70 ஆள்-மாதம், ஆனால் இந்தக் கணக்கில் வருவது 51. நீங்கள் 70க்கு இடம் பிடித்திருந்தால் 19 ஆள்-மாதத்துக்கான காசு காலிக் கட்டிலுக்குப் போகிறது.

இப்போது ரேட்டை எடுங்கள். 51 ஆள்-மாதமும் ஓட்டலில், அறைக்கு இருவர் என்றால் 765 அறை-இரவு, 2,400 ரேட்டில் 18,36,000, ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து 19,27,800. (70 என்று போட்டிருந்தால் 26,46,000 வந்திருக்கும், அதனால்தான் முதலில் ஆள் கணக்கு என்கிறேன்.) சர்வீஸ் அபார்ட்மென்ட் ஃபிளாட்டில் பெட்ரூமுக்கு இருவர் வீதம் ஆறு பேர். ஒரு ஃபிளாட் ஐந்து மாதத்துக்கும், இன்னொன்று முதல் மூன்று மாதத்துக்கு மட்டும், மீதி இரண்டு பேருக்கு இரண்டாம் மாதத்திலிருந்து நான்காம் மாதம் வரை ஓட்டலில் ஒரே ஒரு அறை. ஃபிளாட்டுகளுக்கு 8,40,000, அறைக்கு வரியோடு 2,26,800, ஆக 10,66,800. நான்காம் மாதம் இரண்டாவது ஃபிளாட்டை வைத்துக்கொள்வதைவிட இரண்டு பேரை 72,000க்கு ஓட்டல் அறையில் வைப்பது மலிவு, கவனித்தீர்களா? எப்போதும் இருக்கும் அடிப்படைக் கூட்டத்துக்கு மாத வாடகை இடம், ஏறி இறங்கும் கூட்டத்துக்கு நாள் வாடகை இடம். ஐந்து மாத வேலைக்கு ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டின் 28,000தான் எல்லோரையும் இழுக்கும். இரண்டு வீடு என்றால் ஐந்து மாதத்துக்கு 2,80,000, மேலே ஃபிளாட்டுகளுக்குச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அந்த வீட்டில் ஃபேனைத் தவிர எதுவும் இருக்காது. பன்னிரண்டு கட்டில், மெத்தை, தலையணை, கொசுவலை, கீசர், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், அடுப்பு, பாத்திரம், பக்கெட், ஜன்னலுக்குத் துணி, துடைப்பம் வரைக்கும் நீங்கள் வாங்க வேண்டும், அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும், ஐந்து மாதம் கழித்து அதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் யோசிக்க வேண்டும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. சமையல் ஆள், பெருக்கித் துடைக்க ஒருவர், தண்ணீர் லாரி, கேன். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், ஆறு பேர் மூன்று ஏசி ஓட்டினால் யூனிட் மேல் ஸ்லாபுக்கு ஏறிவிடும், அங்கே யூனிட் விலையே வேறு. இதையெல்லாம் கூட்டினாலும் வீடு மலிவாகத்தான் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மிச்சம் உங்களுடைய ஐந்து மாத ராத்திரிகளிலிருந்து வருகிறது.

வீடு என்றே முடிவு செய்தால் சில விஷயம். ஓனரிடம் "கம்பெனி லீஸ்" என்று ஆரம்பிக்காதீர்கள். நம் பக்கத்தில் லீஸ் என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் போக்கியம் என்றே பலர் புரிந்துகொள்வார்கள், நானே அரை மணி நேரம் இரண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். "கம்பெனி பேர்ல மாச வாடகை, எங்க ஸ்டாஃப் தங்குவாங்க" என்று சொல்லுங்கள். எத்தனை பேர், எல்லோரும் ஆண்களா, அசைவம் சமைப்பார்களா, எந்த மாநிலத்து ஆட்கள், ராத்திரி எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான்கு பேர் என்று சொல்லி எட்டுப் பேரைக் கொண்டுபோனால் பத்தாவது நாள் அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பும், அந்தச் சண்டையில் நிற்கப் போவது உங்கள் ஃபிட்டர், நீங்கள் இல்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும் (நீங்கள் வீடு எடுக்கும் ஊருக்கு அது பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்), பழைய பதினொரு மாத ஸ்டாம்ப் பேப்பர் மட்டும் போதாது. அதே சட்டம் வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும், ஆகவே பேரம் கையெழுத்துக்கு முன்னாடி. காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ், பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார் என்பது ரூபாயில், இரண்டும் எழுதியே ஆக வேண்டும். உள்ளே போகும் அன்று சுவர், குழாய், டாய்லெட், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து ஓனர் நம்பருக்கே அனுப்புங்கள். ஆதார் நகலோடு ஆட்கள் விவரத்தை உள்ளூர் ஸ்டேஷனில் ஓனர் மூலம் கொடுத்துவிடுவது நல்லது, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருபவனை யாராவது நிறுத்திக் கேட்டால் உதவும்.

வரி. உறுதியானதை முதலில் சொல்கிறேன். ஓட்டல் அறை நாளுக்கு 7,500 ரூபாய் வரை என்றால் 22.9.2025 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், ஓட்டல்காரர் உள்ளீட்டு வரியை, அதாவது தான் வாங்கியதற்குக் கட்டிய வரியை, திரும்ப எடுக்க முடியாது என்ற நிபந்தனையோடு. முன்பு 12 இருந்தது. கம்பெனி ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்து குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால், ஓனர் பதிவு இல்லாதவராக இருந்தாலும் 18 சதவீதம் நீங்களே கட்ட வேண்டும், ஆர்சிஎம் என்பார்கள், 18.7.2022 முதல் இருக்கிறது. 28,000 வீட்டுக்கு மாதம் 5,040. இதை யாரும் ரேட் சொல்லும்போது சொல்வதில்லை, ஆடிட்டில்தான் வெளியே வரும். வாடகை ஒரே ஓனருக்கு மாதம் 50,000 தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். இரண்டு வீடும் ஒருவருடையது என்றால் 56,000, பிடிக்க வேண்டும், வேறு வேறு ஆள் என்றால் இல்லை. அடுத்தது, தங்கும் கட்டணம் ஆளுக்கு மாதம் 20,000க்குள், தொடர்ந்து குறைந்தது 90 நாள் என்றால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு, இது 15.7.2024 முதல். விடுதி, பிஜி இவற்றுக்காகக் கொண்டுவந்தது, ஆனால் அறிவிப்பின் வாசகம் தங்குமிடச் சேவை என்று பொதுவாகவே இருக்கிறது.

சந்தேகம் எங்கே என்றால், உங்கள் சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு இந்த விலக்கு கிடைக்குமா என்பதில். ஃபிளாட்டில் ஆறு பேர் இருந்தால் ஆளுக்கு 17,500, உள்ளே வருகிறது. ஒருவர் ஊருக்குப் போய் ஐந்து பேர் ஆனால் 21,000, வெளியே போகிறது. 90 நாள் என்பது கம்பெனி இடத்தை வைத்திருக்கும் நாளா, அதே ஆள் படுத்திருக்கும் நாளா, ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால் என்ன என்பதில் ஆடிட்டர்கள் இரண்டு விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்று மாதம் என்று ஒப்பந்தம் போட்டு, அது பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை என்று அமைந்தால், லீப் வருடம் இல்லாவிட்டால் 89 நாள்தான், ஒரு நாளில் விலக்கு போய்விடும், அதனால் மாதக் கணக்கு எழுதாமல் நாள் கணக்கு எழுதச் சொல்லுங்கள். ஆனால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். விலக்கு இல்லையென்றாலும் ஃபிளாட்டின் நாள் கட்டணம் 3,500தான், 5 சதவீத வரிசையில் வரும், மாதம் 5,250. மொத்தம் எட்டு ஃபிளாட்-மாதத்துக்கு 42,000. அதே மாதிரி வீட்டுக்குக் கட்டும் 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்கலாமா என்பதும் ஆடிட்டர் முடிவு. இன்னொன்று, ஆட்களுக்குக் கொடுக்கும் கடிதத்தில் "இடமாற்றம்" என்ற வார்த்தை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பணியிடம் கோவைதான், குறிப்பிட்ட வேலைக்காகக் குறிப்பிட்ட காலம் ஒரகடத்துக்கு டூர் என்று இருக்க வேண்டும். இடமாற்றம் என்றால் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் இருப்பிடம் அவர் சம்பளத்தோடு சேர்ந்து வரிக் கணக்குக்கு வரும். ஐந்து மாதத்தை டூர் என்று சொல்லலாமா என்று ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள்.

இனி நான் காசை விடப் பெரிதாக நினைப்பது, தூக்கம். ஆரம்ப வருடங்களில் ஒரு வேலைக்கு ஒன்பது ஃபிட்டர்களை ஒரு வீட்டில் வைத்தேன், மூன்று அறை, அறைக்கு மூன்று பேர், கணக்கு அழகாக இருந்தது. இரண்டாவது மாதம் வேலை இரண்டு ஷிஃப்ட் ஆனது. பகல் ஆள் காலை ஆறு மணிக்கு லைட் போடுவான், குளிப்பான், டிபன் பாக்ஸ் மூடியைத் தேடுவான். ராத்திரி ஆள் அப்போதுதான் வந்து படுத்திருப்பான். ஒன்பது மணிக்குக் குக்கர் விசில், பத்து மணிக்குத் தண்ணீர் லாரி. பன்னிரண்டு நாள் கழித்து நல்ல அனுபவமுள்ள ஒரு ஃபிட்டர், ஐம்பது வயது, விடிகாலை நான்கு மணிக்கு, பாரம் தூக்கும் ஹாயிஸ்ட்டுக்குக் கீழே நின்றபடியே கண் அசந்துவிட்டார். பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் நான் அங்கே போனபோது அவர் படுக்கும் இடத்தைக் காட்டினார், ஜன்னலில் துணி இல்லை, நியூஸ்பேப்பரைச் சோற்றுப் பசையில் ஒட்டி வைத்திருந்தார், வெயில் படுகிற இடமெல்லாம் மஞ்சளாகிக் கிழிந்து தொங்கியது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் அறை பிரிப்பதை ஷிஃப்ட் வைத்துத்தான் பிரிக்கிறேன், பதவி வைத்து இல்லை. ராத்திரி ஷிஃப்ட்காரர்களுக்கு ஒரே அறை, முடிந்தால் சமையலறையிலிருந்து தள்ளி இருக்கும் அறை, கெட்டியான திரை, ஏசி கட்டாயம். அறைக்கு இருவருக்கு மேல் வைப்பதில்லை. ஆட்கள் மாறும்போது இந்தப் பிரிவினை குலையாமல் பார்த்துக்கொள்ளத் தங்கியிருப்பவர்களிலேயே ஒருவரைப் பொறுப்பாக்கி, அதற்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள். சும்மா பார்த்துக்கொள்ளச் சொன்னால் ஒரு மாதம் பார்ப்பார்கள்.

தண்ணீருக்கு ஒரு சின்னக் கணக்கு. நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று வைப்பார்கள். 14 பேருக்கு 1,890 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று ஆறு நாள் வரும், அதுவும் அதைப் பிடித்து வைக்கச் சம்ப் இருந்தால்தான். ஒரகடம், படப்பை பக்கம் வீடு பார்க்கப் போனால் சம்ப் கொள்ளளவு எவ்வளவு, மேல்தொட்டி எவ்வளவு, போர் தண்ணீர் உப்பா, மே மாதத்தில் என்ன செய்தீர்கள் என்று ஓனரிடம் கேளுங்கள், பிறகு அதையே பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். சைட் வேலை செய்பவர்கள் சாதாரணமாகக் குளிப்பவர்களைவிட அதிகத் தண்ணீர் எடுப்பார்கள், கிரீஸ் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதற்காகவே வெளியில் ஒரு குழாயும் துவைக்கிற கல்லும் இருக்கும் இடமாகத் தேடுவேன். ஓட்டலிலும் இதே தொல்லை வேறு உருவத்தில் வரும், வெள்ளை பெட்ஷீட்டில் கறுப்புக் கை பதிந்தால் செக்-அவுட்டில் பில் போடுவார்கள். நான் ஆளுக்கு இரண்டு கறுப்பு டவலும் கை கழுவும் பேஸ்ட்டும் கொடுத்து அனுப்புகிறேன், மாதம் சில நூறு ரூபாயில் முடிகிற விஷயம்.

சாப்பாட்டை லேசாக எடுக்காதீர்கள். அதே வட்டாரத்தில் 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதியில் சாப்பாடு விஷமாகி 250க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள், அந்தப் பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், தொழிற்சாலையே கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. தங்கும் விடுதியும் சாப்பிடும் கூடமும் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்ட்டில் அதே பக்கம் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டதை இதோடு சேர்த்துப் பாருங்கள், தங்குமிடம் உற்பத்தியின் ஒரு பகுதி என்பதை அந்த வட்டாரம் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது. உங்கள் 14 பேருக்கு ஒரு சமையல் ஆள் போதும். அவரைக் கம்பெனி நியமிக்காமல் அங்கிருக்கும் நம் ஆட்களே தேர்ந்தெடுக்கட்டும், காசை மட்டும் நீங்கள் கொடுங்கள், கோவை ஆட்களுக்கு என்ன பிடிக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை யாரிடமாவது வாங்கி ஓட்டுவது சட்டப்படி தவறு, பிடித்தால் கம்பெனி பெயர் வரும். மெஸ் மாதிரி சமைத்தால் 19 கிலோ வணிக சிலிண்டர் எடுங்கள். டீ, முட்டைக்கு மட்டும் என்றால் அடையாள அட்டை காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம், முகவரிச் சான்று தேவையில்லை.

அந்த 14 பேரில் பெண் இன்ஜினியர் இருந்தால் முதலில் அவரையே கேளுங்கள். பலர் நினைப்பது போல எல்லோரும் பெண்கள் விடுதியைத்தான் விரும்புவார்கள் என்று இல்லை, ராத்திரி பத்து மணிக்குக் கேட்டை மூடும் இடம், மெஷினை ஓட்டிப் பார்த்து ஒப்படைக்கும் கமிஷனிங் வேலைக்கு ஒத்துவராது. விடுதி என்றால் 2014ஆம் வருடச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன. ஒருவர் மட்டும்தான் என்றால் ஓட்டலில் தனி அறை, கம்பெனி வண்டி, அதில் பேரம் பேசாதீர்கள். வெளிநாட்டு சப்ளையர் இன்ஜினியர் யாராவது உங்கள் ஃபிளாட்டில் வந்து தங்கினால், தங்க வைத்தவர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் விவரம் கொடுக்க வேண்டும், ஃபார்ம் சி என்று பழக்கத்தில் சொல்வார்கள். ஓட்டல்கள் தாங்களே செய்துவிடும், ஆகவே அவர்களை ஓட்டலிலேயே வைத்துவிடுங்கள்.

ஓட்டலோடு பேசும்போது ரேட்டைக் குறைப்பதைவிட நிபந்தனைகளைப் பிடியுங்கள். ஆட்கள் ஊருக்குப் போகும் இரவுகளுக்கு வாடகை இல்லை, பையை ஒரு அறையில் பூட்டி வைக்கலாம். முகூர்த்த நாளில் கல்யாண வீட்டாருக்காக நம் ஆட்களை வேறு அறைக்கோ வேறு ஓட்டலுக்கோ மாற்றக் கூடாது, இது நடக்கும், தை, ஆவணி மாதங்களில் நிச்சயம் நடக்கும். செக்-அவுட் பகல் பன்னிரண்டா, வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா என்பது ராத்திரி ஷிஃப்ட்காரருக்கு ஒரு நாள் வாடகை வித்தியாசம். பகலில் தூங்குபவரின் கதவைத் தட்டி ரூம் சுத்தம் செய்யக் கேட்கக் கூடாது. சனிக்கிழமை பில், திங்கட்கிழமை சரிபார்ப்பு, பதினைந்து நாளில் பணம். பணம் சரியாகப் போனால் மற்றதெல்லாம் கேட்பார்கள்.

இடம் எங்கே என்பதில் என் கருத்து மட்டும்தான், இதில் மற்றவர்கள் வேறு சொல்லலாம். ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டல் நிறைய, ஆனால் ரேட் அதிகம். படப்பையில் கடை, ஆஸ்பத்திரி, வீடு எல்லாம் கிடைக்கும், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையிலேயே நேராகப் போகலாம். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் இருக்கிறது. நான் படப்பையைத் தேர்ந்தெடுப்பேன். எங்கே என்றாலும் வேனை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். கார், கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் போகும் அந்தச் சாலையில் அதிகாலை இரண்டு மணிக்குத் தூக்கக் கண்ணோடு பைக்கில் யாரும் வரக் கூடாது. இடத்தைப் பார்க்கும்போது கூகுள் மேப் நேரத்தை நம்பாமல், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒருமுறை அந்த வழியில் நீங்களே போய்ப் பாருங்கள்.

ஊருக்குப் போவதையும் இப்போதே திட்டத்தில் சேருங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு நாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மனிதர்கள் நிம்மதியாக இருப்பார்கள், எப்போது விடுவார்கள் என்று தெரியாமல் இருப்பதுதான் அவர்களை வாட்டும். கோவைக்கு ரயில் பெரும்பாலும் சென்னை சென்ட்ரலிலிருந்து, ஒரகடத்திலிருந்து அங்கே போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். ரிசர்வேஷன் இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, ஆகவே வாரவாரி ஆள் கணக்கு கையில் இருந்தால் அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து மொத்தமாகப் போட்டுவிடலாம். முகூர்த்த வாரங்களில் கிளாம்பாக்கம் போய்ப் பஸ் பிடிக்கச் சொல்லுங்கள்.

"ஆளுக்கு இவ்வளவு என்று பேட்டா கொடுத்துவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பிரச்சினையே இல்லை" என்று உங்கள் மேனேஜர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டுக் காசைக் கையில் கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். தங்கும் காசைக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் நினைவில் இருக்கும் மனிதன், நாளுக்கு 800 ரூபாய் கையில் வந்தால் 200 ரூபாய் இடத்தில் ஆறு பேரோடு படுப்பான், மீதியை வீட்டுக்கு அனுப்புவான். அவன் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்வேன். அவனுக்கு அந்தப் பணம் தேவை என்றால் அதைத் தனிப் படியாகக் கூட்டிக் கொடுங்கள், அவன் படுக்கையிலிருந்து எடுக்க விடாதீர்கள்.

ஆகவே உங்கள் நிலைமைக்கு, அங்கே ஆள் இல்லை, முதல் முறை, ஐந்து மாதம் என்றால், நான் வீட்டுக்குப் போக மாட்டேன். கேர்டேக்கர் அங்கேயே தங்கும் சர்வீஸ் அபார்ட்மென்ட் இரண்டு, பக்கத்தில் ஒரு ஓட்டலோடு நாள் வாடகை ஒப்பந்தம். முன்பணம் முழுவதையும் கொடுக்காமல் முதல் பத்து நாளுக்கு ஆறு பேரை மட்டும் ஒரு ஃபிளாட்டில் அனுப்பிப் பாருங்கள், தண்ணீர், கரண்ட், நெட், கேர்டேக்கர் போன் எடுப்பது எல்லாம் அந்தப் பத்து நாளில் தெரிந்துவிடும். வேலை ஒன்பது பத்து மாதத்துக்கு இழுக்கும் என்று ப்ராஜெக்ட் மேனேஜர் சொன்னால் வீட்டுக் கணக்கை மறுபடி எடுக்கலாம், அப்போது சாமான் வாங்கிய செலவு பரவிப் போகும், அங்கேயே ஒரு ஆளை நியமித்துக்கொள்ளலாம். கமிஷனிங் வேலை சொன்ன தேதியில் முடிந்து நான் பார்த்தது குறைவு, அதனால் எந்த ஒப்பந்தமானாலும் அதே ரேட்டில் ஒரு மாதம் நீட்டிக்கும் உரிமை நம் பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வாரவாரி ஆள் கணக்கு கிடைத்ததும் இங்கேயே போடுங்கள், எந்த மாதம் எத்தனை அறை என்று சேர்ந்து பார்க்கலாம்.